தறிப்பட்டறைக்குப் போன குட்டி

குட்டிகளுக்குச் சோறு வைக்கும்போது எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் தட்டுவது என் வழக்கம். அன்றைக்குக் காலையில் தட்டு கை தவறிச் சிமெண்டுத் தரையில் விழுந்தது. தூங்கிக்கொண்டிருந்த குட்டிகள் எல்லாம் அலறிப் புடைத்துக்கொண்டு எழுந்தன. தாய்கூடத் தலையைத் தூக்கி என்னை முறைத்தது. ஒரே ஒரு ஆண்குட்டி மட்டும் நான்கு காலையும் நீட்டிக்கொண்டு அப்படியே கிடந்தது. வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

ராசிபுரத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, தோட்டத்தில் எங்கள் வீடு. என் கணவர் முட்டை வண்டி ஓட்டுகிறார். நாமக்கல் பக்கத்துப் பண்ணைகளில் ஏற்றிச் சேலத்துக் கடைகளுக்குப் போடுவது அவர் வேலை. நாய் வளர்ப்பது என் வேலை. எங்களிடம் இருப்பது ஒரே ஒரு பெட்டை, வெள்ளை ராஜபாளையம். அதற்கு உடம்பு நன்றாகத் தேறியிருந்தால் மட்டும் இணை சேர்ப்பேன். குட்டிகளை இன்னார் வீட்டுக்கு என்று முன்கூட்டியே பேசி வைத்துவிட்டுத்தான் அதையும் செய்வேன்.

தட்டு விழுந்ததற்கு மறுநாள் முழுக்க நான் அந்தக் குட்டியின் பின்னாலேயே திரிந்தேன். தனியாக இருக்கும்போது முதுகுப்பக்கம் போய்க் கைதட்டினேன். சாவிக்கொத்தை ஆட்டினேன். திரும்பவில்லை. என் நிழல் முன்னால் விழுந்தால் மட்டும் சட்டென்று திரும்பி வாலை ஆட்டியது. சாயங்காலம் கணவர் வண்டியை நிறுத்தியதும் சொன்னேன்.

"ஏனுங்க, இதுக்குக் காது கேக்கலீங்க."

"தூக்கக் கலக்கமா இருக்கும்."

"ஹாரன் அடிங்க, பாக்கலாம்."

அடித்தார். மற்றக் குட்டிகள் சிதறி ஓடின. அது மட்டும் வண்டிச் சக்கரத்துக்கு எதிரே உட்கார்ந்து ஒரு வேப்பம்பழத்தை உருட்டி விளையாடிக்கொண்டிருந்தது. அவர் இறங்கி வந்து அதைத் தூக்கிக் காதுக்குள் பார்த்தார். உள்ளே என்ன தெரியும்? இளஞ்சிவப்பாக, சுத்தமாகத்தான் இருந்தது.

"இது அந்த ஜலகண்டாபுரத்துக்காரங்க கேட்ட குட்டிதானே?"

"ஆமாங்க."

"அப்பறம் என்ன? அவங்க ஊட்டுல பகலெல்லாம் தறி ஓடுது. அந்தச் சத்தத்துல இதுக்குக் காது கேக்குதா இல்லையான்னு யாருக்குத் தெரியப்போவுது? ஒண்ணும் சொல்லாம குடுத்துரு."

அவர் ஏமாற்றுக்காரர் இல்லை. விரிசல் விட்ட முட்டையை அட்டையின் நடுவில் ஒளித்து வைத்துக் கடைக்காரரிடம் கொடுக்கிறவர் இல்லை. தலைவலியைச் சுலபமாக முடிக்கப் பார்த்தார், அவ்வளவுதான்.

"இப்ப நீங்க ஹாரன் அடிச்சப்ப அது எங்க உக்காந்திருந்துச்சு?" என்று கேட்டேன். அவர் சக்கரத்தைத் திரும்பிப் பார்த்தார்.

நாமக்கல்லில் ஒரு பெண் கால்நடை மருத்துவர் இருக்கிறார். எங்கள் நாய்க்கு ஊசி எல்லாம் அவர்தான். குட்டியை மேசைமேல் நிறுத்தி, பின்பக்கமிருந்து விதவிதமாகச் சத்தம் எழுப்பிப் பார்த்துவிட்டு, இரண்டு காதும் கேட்கவில்லை, பிறவியிலேயே அப்படி என்றார். வெள்ளை நாய்களில் இது வருவதுண்டு, மருந்து கிடையாது, இதே ஜோடியை இனிமேல் சேர்க்கக் கூடாது என்றும் சொன்னார்.

"உயிருக்கு ஒண்ணும் இல்லைங்க. நல்லா இருக்கும். எல்லாம் வளக்கறவங்க கையில இருக்கு."

"வளக்கறவங்கன்னா யாருங்க டாக்டர்? நானா, வாங்கிட்டுப் போறவங்களா?"

அவர் கையுறையைக் கழற்றியபடி யோசித்தார். "ரெண்டு பேருந்தான். நீங்க ஒண்ணு பழக்கி, அவங்க வேற ஒண்ணு பழக்கினா இது திண்டாடிப் போயிரும்."

எங்கள் பெட்டையோடு இணை சேர்த்த ஆண் நாய் என் கணவரின் பெரியப்பா மகனுடையது. விஷயத்தைக் கேட்டதும் அவர் நேராக எங்கள் தோட்டத்துக்கு வந்துவிட்டார். குட்டியைச் சாகடிக்க ஒரு ஊசி போட்டால் காரியம் முடிந்தது என்றார். வெளியே சொன்னால் தன் நாயின் பெயர் கெட்டுப்போகும் என்றார்.

"பேரு கெட்டாக் கெடட்டுங்க மாமா. இன்னமே உங்க நாயோட இதைச் சேக்க மாட்டேன். குட்டி கேட்டவங்க அத்தனை பேருக்கும் சொல்லியும் போடுவேன்" என்றேன். போட்ட காப்பியைக் குடிக்காமல் எழுந்து போனார். வெகுநாள் எங்களோடு பேச்சு வார்த்தை இல்லை. நான் எல்லோருக்கும் போன் செய்து சொன்னேன். ஆத்தூர்ப் பக்கத்துக்காரர் ஒருவர் தனக்குக் குட்டியே வேண்டாம் என்று விலகிக்கொண்டார். அது அவர் விருப்பம். ஆனால் ஜலகண்டாபுரத்துக்கு மட்டும் போனில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நேரில் வரச் சொன்னேன்.

அவர்கள் கணவன் மனைவி. வீட்டுக்குப் பின்னாலேயே விசைத்தறிப் பட்டறை வைத்திருந்தார்கள். அந்த அக்காவுக்கு ஐம்பது வயதிருக்கும். தலைமுடியில் எப்போதும் பஞ்சு ஒட்டியிருக்கும். முன்பு குட்டி பார்க்க வந்தபோது அவர்தான் இதைத் தேர்ந்தெடுத்தார். மற்றக் குட்டிகள் ஒன்றையொன்று கடித்துக் கத்திக்கொண்டிருக்க, இது நடுவில் படுத்து நிம்மதியாகத் தூங்கியது. "இதுதான் பதறாம இருக்குது. எங்க பட்டறைச் சத்தத்தை இதுதான் தாங்கும்" என்றார். அப்போது எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

வாசலில் கட்டில் போட்டு உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னேன். அந்த அக்கா முகம் தொங்கிப்போயிற்று.

"காதுக்கோசரந்தான் அம்மிணி நாங்க நாயே கேட்டோம்" என்றார்.

அப்போதுதான் முழுக் கதையும் வந்தது. அவர் கணவர் சிறுவயதிலிருந்து தறி ஓட்டியவர். காது கொஞ்சம் கொஞ்சமாகப் போய், இப்போது பக்கத்தில் நின்று கத்தினால்தான் ஏதோ கேட்கும். அக்கா நூல் வாங்கவோ நெய்த துணியைக் கொடுக்கவோ போய்விட்டால் வீட்டுக்குள் யார் வந்தாலும் அவருக்குத் தெரியாது. போன மழைக்காலத்தில் அவர் பட்டறையில் சுவரைப் பார்த்து நின்று தறி ஓட்டிக்கொண்டிருக்க, யாரோ வந்து முன்பக்கத்துத் தண்ணீர் மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அவருக்காகக் கேட்க ஒரு நாய் வேண்டும். அவ்வளவுதான் அவர்கள் தேவை.

"அப்ப இதோட கூடப் பொறந்த பொட்டைக்குட்டியைக் கூட்டிட்டுப் போங்கக்கா. எலை அசைஞ்சாலும் கொலைக்கும்" என்றேன்.

அக்கா எழுந்து என்னோடு வந்தார். பெட்டைக்குட்டியைத் தூக்கிப் பார்த்து, பின்னால் கைதட்டி, அது திரும்பியதும் சரி என்றார். திரும்பிப் பார்த்தால் அவர் கணவர் கட்டிலை விட்டுத் தரையில் இறங்கி உட்கார்ந்திருந்தார். காது கேளாத குட்டி அவர் வேட்டி நுனியைக் கவ்விக்கொண்டு பின்னால் இழுத்தது. அக்கா இங்கிருந்தே கையை உயர்த்தினார். விரலை மடக்கினார், காதைத் தொட்டார், உள்ளங்கையைத் திருப்பினார். அது வேண்டாம், இதுதான் என்று சொல்கிறார் என்பது எனக்கே புரிந்தது. அவர் கணவர், அந்த அண்ணன், அந்தக் கையைக் கவனித்தார். வேட்டியை விட்டுவிட்டுக் குட்டியும் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

"அப்ப இதை என்ன பண்ணுவீங்க அம்மிணி?" அண்ணன் தோட்டம் முழுக்கக் கேட்கிற மாதிரி சத்தமாகக் கேட்டார்.

நான் அவர் முகத்துக்கு நேரே போய் நின்று, இங்கேயே என்னிடமே இருக்கும் என்றேன்.

"எனக்குங்கூடத்தான் காது போயிருச்சு. என்னைய ஊட்டை உட்டு வெளிய அனுப்பிப்போட்டாளா இவ?"

"அனுப்பியிருக்கோணும்" என்றார் அக்கா. சொன்னது அவருக்குக் கேட்கவில்லை. ஆனால் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டு சிரித்தார்.

அதற்குப் பிறகு இருவரும் கையாலேயே சண்டை போட்டார்கள். நான் நடுவில் ஒன்றும் புரியாமல் நின்றேன். கடைசியில் அக்கா என் பக்கம் திரும்பினார்.

"இவருக்கு அதுதான் வேணுமாம்."

"உங்களுக்கு?"

"எனக்குக் காது கேக்கற நாய்தான் வேணும்."

"அப்ப இன்னைக்கு எதையும் கூட்டிட்டுப் போக வேண்டாங்கக்கா. ஊட்டுல இருக்கற ரெண்டு பேருக்கும் புடிச்சாத்தான் குட்டி நல்லா இருக்கும். இது ரொம்பவே பாத்துத் தரவேண்டிய குட்டி. நான் ஒரு நாள் உங்க ஊட்டுக்கு வாரேன். இடத்தைப் பாத்துப்போட்டு முடிவு பண்ணலாம்."

அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நாய் கேட்டு வந்தா, பொண்ணு குடுக்கறவங்க மாப்பளை ஊடு பாக்க வாறாப்பல வாரேங்கறீங்க!" என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தார்.

இனி வரமாட்டார்கள் என்றார் என் கணவர். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் அந்த வாரமே அக்காவிடமிருந்து போன் வந்தது. "என்னைக்கு வாறீங்க?" என்ற ஒரே கேள்வி.

கணவர் என்னைச் சேலம் வரை முட்டை வண்டியில் கொண்டுவந்து விட்டார். அங்கிருந்து தாரமங்கலம் வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறினேன். ஜலகண்டாபுரத்தில் இறங்கித் தெருவுக்குள் நுழைந்தபோதே தறிச் சத்தம் நெஞ்சுக்குள் இடித்தது. அவர்கள் வீட்டுக்கு முன்னால் சுற்றுச்சுவர் இல்லை. பாதிக்கு ஒரு தட்டி. மீதி திறந்து கிடந்தது. நூல் ஏற்றிய வண்டிகள் அந்தத் தெருவில் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தன. வீட்டுக்கும் பட்டறைக்கும் நடுவில் கதவே இல்லை. தரையெங்கும் கழிவு நூல். ஒரு குட்டி அதை விழுங்கினால் குடல் சிக்கிச் சாகும்.

பட்டறைக்குள் அக்காவும் அண்ணனும் ஆளுக்கு ஒரு பக்கம் நின்றார்கள். வாய் பேசிப் பிரயோஜனம் இல்லாத இடம் அது. அக்கா கையை உயர்த்தி இரண்டு விரலை அசைத்தார். அண்ணன் அறுந்த நூலைப் போய் முடிந்தார். அக்கா உள்ளங்கையைக் கீழே அமுக்கிக் காட்டினார். அண்ணன் தறியை நிறுத்தினார். அக்கா என்னைக் காட்டி, நெற்றியைத் தொட்டு, வீட்டுப் பக்கம் கையை நீட்டினார். விருந்தாளி வந்திருக்கிறாள், உள்ளே கூட்டிப் போ என்று அர்த்தம் போலிருக்கிறது. அண்ணன் சிரித்துக்கொண்டே வந்தார்.

காப்பி குடித்தபடி நான் மனதில் வைத்திருந்ததை எல்லாம் சொல்லிவிட்டேன். முன்பக்கம் சுவரும் கேட்டும் வேண்டும். பட்டறைக்கு வலைக்கதவு போட வேண்டும். நூல் தரையில் கிடக்கக் கூடாது. இதைத் தெருவில் ஒருநாளும் சங்கிலி இல்லாமல் விடக் கூடாது. வண்டி வருவது அதற்குத் தெரியாது. பின்னாலிருந்து தொடக் கூடாது. அடிக்கக் கூடாது. முடியாமல் போனால் வேறு யாருக்கும் கொடுக்காமல் என்னிடமே திருப்பிவிட வேண்டும்.

அக்கா கடைசி வரை குறுக்கே பேசாமல் கேட்டார். டம்ளரைக் கீழே வைத்தார்.

"நீங்க சொன்னதெல்லாம் நான் பண்ணறேன். நீங்க என்ன பண்ணுவீங்க?"

நான் எதிர்பார்க்காத கேள்வி. குட்டி கேட்டு வருகிறவர்கள் யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை.

"நீங்க சொல்லுங்கக்கா."

"இன்னுங்கொஞ்ச நாளைக்கு அதை நீங்களே வெச்சிருங்க. கையைப் பாத்து நடக்கப் பழக்கிக் குடுங்க. ஆனா உங்க இஷ்டத்துக்கு ஒரு கையைப் பழக்கிப்போட்டீங்கன்னா இங்க வந்து அது முழிக்கும். எங்க கையைத்தான் பழக்கோணும். வாங்க, சொல்லித் தாரேன்."

"உங்களுக்குக் காது கேக்கற நாய்தானே வேணும்னீங்க?"

"வேணுந்தான்." அக்கா பட்டறைப் பக்கம் திரும்பினார். "உங்க தோட்டத்துலருந்து வந்தப்பறம் பட்டறையில நின்னு யோசிச்சேன். இவருக்கு ஒண்ணு சொல்லோணும்னா நான் முன்னால வந்து நிக்கோணும், மூஞ்சியைக் காட்டோணும், கையைக் காட்டோணும். எத்தனையோ வருசமா அதைத்தான் பண்ணிட்டிருக்கறேன். இன்னொண்ணுக்குப் பண்ண முடியாதா? முடியும். கேட்டுல ஆளு வந்தா இவருக்குத் தெரிய என்ன வழிங்கறதை நான் பாத்துக்கறேன். வாங்க."

அன்று மதியம் முழுவதும் தறிகளுக்கு நடுவில் நின்று அந்தக் கை பாஷையைக் கற்றுக்கொண்டேன். வா, நில், பொறு, சாப்பிடு, உள்ளே போ. நான் தப்பாகக் காட்டினால் அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பினார். குட்டிக்குப் பெயர் வேண்டாமா என்று கேட்டேன். அண்ணன் மூக்கின் மேல் இரண்டு விரலை வைத்து மேலிருந்து கீழே இழுத்துக் காட்டினார். குட்டியின் நீண்ட மூக்கு அதுதான். அதுவே பெயராயிற்று. இன்றைக்கும் அதற்கு வாயால் சொல்கிற பெயர் கிடையாது.

கிளம்பும்போது அவர்களுடைய பழைய லுங்கி ஒன்றையும் சேலை ஒன்றையும் கேட்டு வாங்கிவந்து குட்டியின் படுக்கையில் விரித்தேன். போவதற்கு முன்பே அந்த வீட்டு வாசனை அதற்குப் பழகட்டும்.

மற்றக் குட்டிகள் ஒவ்வொன்றாகப் போயின. பெட்டைக்குட்டி ராசிபுரத்தில் ஒரு நெய் வியாபாரி வீட்டுக்குப் போயிற்று. இது மட்டும் தாயோடு தங்கியது. விடிந்ததும் கொல்லையில் நின்று அதனோடு கையை ஆட்டிக்கொண்டிருப்பேன். பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் வரப்பில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். முதல் சில நாட்கள் ஒன்றும் நடக்கவில்லை. அது என் கையைப் பார்க்கும், பிறகு தும்பியைத் துரத்திக்கொண்டு போய்விடும். நான் மறுபடி முன்னால் போய் நிற்பேன். ஒருநாள், "பொறு" என்று உள்ளங்கையைக் காட்டியதும் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்தது. எச்சில் ஒழுக ஒழுக உட்கார்ந்திருந்தது. "சாப்பிடு" காட்டிய பிறகுதான் வாயை வைத்தது. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அதைத் துடைத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து செய்தேன்.

சொல்லாமல் கொடுத்துவிடு என்ற என் கணவரே விரிசல் விட்ட முட்டைகளை வேகவைத்து எடுத்துக்கொண்டு வந்து நிற்க ஆரம்பித்தார். வாசல் எல்லையில் கோடு கிழித்து, அதைத் தாண்டுவதற்கு முன்னால் நின்று என் கையைப் பார்க்க வேண்டும் என்று பழக்கியது அவர்தான். தூங்கும்போது எழுப்புவதற்குத் தரையில் காலால் ஓங்கி மிதிக்க வேண்டும் என்று நான் கண்டுபிடித்தேன். அதிர்வு உடம்பில் பட்டதும் மெதுவாகக் கண்ணைத் திறக்கும். இதையெல்லாம் போனில் படமெடுத்து அனுப்புவேன். அக்கா பார்த்துவிட்டு, "உங்க கை கொஞ்சம் தொங்குது, தூக்கிக் காட்டுங்க" என்பார். அவர்கள் பக்கமிருந்தும் படம் வரும். அஸ்திவாரம், பாதிச் சுவர், வலைக்கதவு, கேட்டு.

எல்லாம் தயாராகிவிட்டது என்று அக்காவும் நானும் ஒப்புக்கொண்ட பிறகுதான் குட்டியை முட்டை வண்டியில் முன்சீட்டில் என் மடியில் வைத்துக் கொண்டுபோனேன். புதுச்சுவர் இன்னும் ஈரமாக இருந்தது. கேட்டில் ஒரு மணி. அதன் ஒயரைப் பட்டறைக்கும் கூடத்துக்கும் இழுத்து, இரண்டு இடத்திலும் சிவப்பு பல்பு மாட்டியிருந்தார்கள். மணியை அழுத்தினால் பல்பு எரியும். ஒரு பல்பு அண்ணன் தறிக்கு நேர் எதிரே. தரையில் ஒரு முழ நூல் இல்லை. குட்டி வண்டியிலிருந்து இறங்கியதும் எங்கும் ஓடவில்லை. அக்காவின் காலை முகர்ந்தது, பிறகு அண்ணனுடையதை. அந்த லுங்கி வாசனை. அக்கா எதிரில் போய் நின்று "வா" என்று காட்டினார். போயிற்று. நான் தாயின் படுக்கைத் துணியைக் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வண்டியில் ஏறினேன்.

ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. ஒருநாள் மத்தியானம் அக்கா போன் செய்தார். பின்னால் தறிச் சத்தம் இல்லை. தறியை நிறுத்திவிட்டுப் பேசுகிறார் என்றால் ஏதோ நடந்திருக்கிறது.

"கடிச்சுப்போட்டுது அம்மிணி. தூங்கறப்ப இவரு போய்த் தொட்டிருக்கறாரு. கையில நல்லாப் பதிஞ்சிருச்சு. இந்த மனுசன் துணியைச் சுத்தி என்றகிட்ட மறைச்சுப்போட்டுத் தறி ஓட்டிட்டிருக்கறாரு!"

"ஊசி போட்டாச்சுங்களா?"

"இப்பத்தான் ஆசுபத்திரிக்குப் போயிட்டு வாரோம். குட்டிக்கு ஊசி போட்டிருந்தாலும் இவரும் போட்டுக்கோணும்னு சொன்னாங்க, போட்டாச்சு. என்ற தம்பி வந்து திருப்பிக் குடுத்துரச் சொல்லறான். திருப்பிக் குடுக்கறதுக்காக நான் போன் பண்ணலை. நீங்க சொல்லிக் குடுத்தபடி காலால மிதிச்சுத்தான் எழுப்பறோம். எந்திரிக்க மாட்டேங்குது. என்ன பண்ணோணும்னு சொல்லுங்க."

எனக்கு விளங்கவில்லை. என் தரையில் ஒரு மிதிக்கு எழுந்த குட்டி அது. மறுநாள் முதல் பஸ்ஸில் போனேன். அவர்கள் கூடத்தில் கால் வைத்ததும் உள்ளங்காலில் தெரிந்துவிட்டது. பட்டறை ஓடும்போது அந்த வீட்டுத் தரை முழுக்க விடாமல் அதிர்ந்துகொண்டே இருக்கிறது. அந்த அதிர்விலேயே படுத்துப் பழகிய குட்டிக்கு, ஒரு மிதி எப்படித் தனியாகத் தெரியும்? நான் போன தடவை அங்கே நின்று கை பாஷை படித்தேன், நூலைப் பார்த்தேன், சுவரைப் பார்த்தேன், தரையை யோசிக்கவில்லை. அவர்களுக்கோ அந்த அதிர்வு இருப்பதே நினைவில் இல்லை. அதற்குள்ளேயே வாழ்கிறவர்கள்.

மூன்று பேரும் உட்கார்ந்து வழி தேடினோம். காது கேட்காது, தரை உதவாது. மிச்சம் இருப்பது மூக்கு. தூங்கும் குட்டியின் மூக்குக்கு முன்னால், கொஞ்சம் தள்ளி, உள்ளங்கையை அசையாமல் பிடித்தேன். சில மூச்சுக்குள் மூக்கு துடித்தது. கண் திறந்தது. உடனே தின்ன ஒரு துண்டு முட்டை கொடுத்தேன். பிறகு அக்கா செய்தார். கடைசியில் அண்ணனைக் கூப்பிட்டோம். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு இன்னொரு கையை நீட்டினார். அக்கா அவர் முதுகைத் தாங்கிக்கொண்டு பின்னால் உட்கார்ந்தார். குட்டி முகர்ந்தது, விழித்தது, அந்தக் கையை நக்கியது. அதன் படுக்கையைக் கூடத்தின் மூலைக்கு மாற்றி, யாரும் பின்னாலிருந்து வர முடியாதபடி சுவரோடு ஒட்டிப் போட்டோம். பட்டறை நிற்கிற நேரத்தில் மட்டும் வேறு ஆட்கள் கிட்டே போகலாம் என்று அக்காவே ஒரு சட்டம் போட்டார். அவர் தம்பிக்கும் சேர்த்துத்தான் அந்தச் சட்டம்.

அந்த மாதம் முழுக்க அவர்கள் ஒரு வேளையைக்கூட விடவில்லை. தறி நிறுத்துகிற ஒவ்வொரு தடவையும் அண்ணன் போய்க் கையை நீட்டி எழுப்பிவிட்டுத்தான் காப்பி குடித்தாராம். "சலிச்சுப்போகலீங்களா?" என்று கேட்டேன். "சலிச்சா உட்டுற முடியுமா?" என்றார் அக்கா.

அதன்பிறகு அது யாரையும் கடிக்கவில்லை. இப்போது என் இடுப்புயரம் நிற்கிறது. சிவப்பு பல்பு எரிந்தால் அதற்கு என்னவோ தெரிந்திருக்கிறது. எழுந்துபோய் வலைக்கதவுக்கு இந்தப் பக்கம் நின்று, அண்ணன் திரும்பிப் பார்க்கிற வரை குதிக்கிறது. யாரும் பழக்காதது அது. கேட்டில் புது ஆள் நின்றால் குலைக்கிறது. அந்தக் குலைப்பு அதற்கும் கேட்காது, அண்ணனுக்கும் கேட்காது. கேட்டில் நிற்கிறவருக்குக் கேட்கிறது. அது போதும் என்கிறார் அக்கா. சில நாள் முதுகைக் காட்டிப் படுத்துவிட்டால் பல்பு எரிவதும் தெரியாது. அப்படித்தான் ஒருமுறை தபால்காரர் கூடம் வரைக்கும் வந்துவிட்டார். அதையும் அக்கா மறைக்காமல் சொல்வார்.

எங்கள் பெட்டைக்கு அடுத்த இணையை நான் வேறு இடத்தில், தாய் தகப்பன் இரண்டையும் விசாரித்துத்தான் சேர்த்தேன். இந்த முறை எல்லாக் குட்டிக்கும் காது கேட்கிறது. தட்டு, சாவி, ஹாரன் எல்லாம் அடித்துப் பார்த்துவிட்டேன். குட்டி கேட்கிறவர்களிடம் இப்போது நான் என்ன செய்வேன் என்று முதலில் சொல்கிறேன். அதன்பிறகுதான் அவர்கள் வீட்டைப் பார்க்க வருகிறேன் என்கிறேன். சிலர் சிரிக்கிறார்கள். சிலர் போனை வைத்துவிடுகிறார்கள்.

போன வாரம் அயோத்தியாப்பட்டணத்திலிருந்து இளவயதுக் கணவன் மனைவி வந்தார்கள். இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். பகலில் குட்டியோடு யார் இருப்பார்கள் என்று கேட்டேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பேசிவிட்டுச் சொல்கிறோம் என்று போனார்கள். இன்று காலை அந்தப் பெண் போன் செய்தாள்.

"இந்தத் தடவை எங்களால முடியாதுங்க. அடுத்த வருசம் எங்க மாமியார் எங்களோட வந்து இருப்பாங்க. அப்ப நீங்க வந்து வீட்டைப் பாக்கறீங்களா?"

வருகிறேன் என்றேன். அதுவரைக்கும் என்னென்ன செய்து வைக்கலாம் என்று கேட்டாள். சொல்ல ஆரம்பித்தேன்.